கண்ணாடிக்குக் காட்டிய கற்பூரம்

திருவொற்றியூர் கண்ணாடிக் கம்பெனியில் சொக்கம்மாளுக்குப் பல வருஷமாக கான்ட்ராக்ட் வேலை. "தீபாவளிக்குள்ள உன்னிய பர்மனென்ட் ஆக்கிடுவாங்க" என்று சூப்பர்வைசர் ஜெயவேல் சொல்லியிருந்தான். அவள் அதை வியாசர்பாடி வீட்டில் மகள் எழில்மொழியிடம் சொல்லிவிட்டாள். பாவி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவள் நின்றது குளிர் பிளாஸ்மா மெஷினில். இரும்புப் பெட்டிக்குள் கண்ணாடிகளை அடுக்கி, காற்றை உறிஞ்சியெடுத்து, கொஞ்சம் வாயு விட்டு மின்சாரம் கொடுத்தால் உள்ளே ஊதாவாக ஒளிரும். சூடே தெரியாது. வெளியே எடுத்த கண்ணாடியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் பாய் விரித்த மாதிரி பரவும். அந்தப் பதத்திலேயே பசை தடவினால்தான் காருக்குப் போகிற கண்ணாடி சட்டத்தில் பிடித்து நிற்கும். கை படக்கூடாது, எண்ணெய் படக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தவர்கள், புகையைப் பற்றி மூச்சு விடவில்லை.

அந்த வருஷம், இரண்டாயிரத்து நான்கு, ஆயுதபூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். அப்போதுதான் எடுத்த கண்ணாடிகள் ரேக்கில் நின்றன.

"பசைய இப்பவே தடவிடலாமாண்ணே?" என்றாள் சொக்கம்மாள்.

"இன்னா அவசரம்? பூஜைய முட்சிட்டு தடவிக்கலாம்" என்றான் ஜெயவேல்.

கற்பூரத் தட்டு அவள் கையில். மெஷினுக்குக் காட்டியவள், இதுவும் சோறு போடுகிற சாமான்தானே என்று கண்ணாடிகளுக்கும் கீழிருந்து மேலாக நிதானமாகக் காட்டினாள். மேனேஜர் முதற்கொண்டு எல்லோரும் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

பூஜை முடிந்து பசை தடவி அனுப்பிய அத்தனை கண்ணாடியும் சில நாளில் சட்டத்தை விட்டுக் கழன்று திரும்பி வந்தது. புகை படிந்து பசை பிடிக்கவில்லை என்றார்கள். "யார் காட்டினது?" என்று மேனேஜர் கேட்டார்.

"சொக்கம்மா சார்" என்றான் ஜெயவேல்.

"பூஜை முட்சிட்டு தடவலாம்னு நீதானேண்ணே சொன்ன?"

கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்றைக்கே அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். மனுஷர்களா இவர்கள்!

மறுநாள் காலை எழில்மொழி டிபன் பாக்ஸை நீட்டினாள். "பர்மனென்ட் ஆய்ட்டா நைட் ஷிப்டு கெடியாதில்ல? வூட்லயே இருப்பல்ல?"

"கெடியாது கண்ணு" என்று சொல்லிவிட்டுச் சொக்கம்மாள் திருவொற்றியூர் பஸ்ஸில் ஏறினாள்.