நரிக்கு இனிமேல் யார் வால் போடுவார்கள்?

எழுத்தாளருக்கு நரியைப் பேச வைக்கத் தெரியும், வரையத் தெரியாது. புத்தகங்களுக்குப் படம் போட்டதெல்லாம் அவர் மனைவிதான். பள்ளிக்கூடங்களுக்கும் ஜோடியாகவே போவார்கள். இவர் வாய் ஓயாமல் கதை அளப்பார். அந்த அம்மா பேசாமல் கரும்பலகையில் நரியை வரைந்து, கடைசியாக வாலைப் போடுவார். கைதட்டல் மொத்தமும் நரிக்குத்தான். அதில் இவருக்கு லேசான வயிற்றெரிச்சல்கூட உண்டு.

இந்தத் தடவை தனியாக வந்திருந்தார். மனைவி போன மாதம் இறந்துவிட்டார். பிள்ளைகளிடம் அதைச் சொல்லாமல் சமாளித்துவிட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

உட்காரக்கூட விடவில்லை. "சார், படம் போடுற அம்மா எங்க?"

"ஊருக்குப் போயிருக்காங்க."

அவர் கதைகளில் யாரும் சாவதில்லை, ஊருக்குத்தான் போவார்கள். கடைசிப் பக்கத்துக்குள் திரும்பியும் வந்துவிடுவார்கள். அதைப் பிள்ளைகள் நன்றாகவே படித்திருந்தார்கள்.

"எப்ப வருவாங்க?" என்றாள் முன்வரிசையில் இருந்த ஓட்டைப்பல் சிறுமி.

பொய் சொல்லியே பிழைத்த மனிதருக்கு அந்த நேரம் பார்த்து ஒரு பொய்யும் வாயில் வரவில்லை. "வரமாட்டாங்கம்மா. இறந்து போயிட்டாங்க."

ஆசிரியை கையைப் பிசைந்தார். சிறுமி மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ நரிக்கு இனிமே யாரு வால் போடுவாங்க?" என்றாள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வயசைக் கேட்டார்கள், வியாதியைக் கேட்டார்கள். இதை ஒருத்தரும் கேட்கவில்லை. சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பியவர், ஒரு கோடுகூடப் போடாமல், பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டியபடியே அழுதார்.