பையின் அடியில் பொறைத் தூள்

பழைய கைப்பையைக் குப்பையில் போடலாமென்று உதறினேன். கிழிந்த உள்துணியிலிருந்து கொஞ்சம் பொறைத் தூள் கொட்டியது. டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் இருக்குமே, சிலர் டீயில் நனைத்துத் தின்பதும் பலர் தெருநாய்க்குப் போடுவதுமான காய்ந்த ரொட்டி, அதுதான். முகர்ந்து பார்த்தேன். வாசனை எப்போதோ போய்விட்டது. ஆனால் எங்கள் நாய் டாமி தொலைந்த அந்த நாள் அப்படியே திரும்பி வந்தது.

அப்போது திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. வீடு விழுப்புரம் போகிற வழியில் ஒரு கிராமம். சாயங்காலம் எங்கள் ஊர் நிறுத்தத்தில் டாமி உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் படிக்கட்டையும் பார்த்துக்கொண்டிருக்கும். நான் இறங்கியதும் முகத்தைக்கூடப் பார்க்காது, அதற்கென்று நான் எப்போதும் பொறை வைத்திருக்கிற பைக்குள் நேரே மூக்கை நுழைக்கும். அது காத்திருப்பது உனக்கா பொறைக்கா என்று அம்மா கேட்பாள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

அதன் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள், விட்டால் பிழைக்காது என்று ஊர் மாட்டு டாக்டர் சொல்லிவிட்டார். நாயைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். நல்லவேளை, தர்பூசணி சீசன். எங்கள் தெரு சேகர் அண்ணன் சென்னைக்குக் காய் லோடு அடிக்கிறவர், தன் மினி லாரியில் எங்களை முன்னால் ஏற்றிக்கொண்டார். கன்றுக்குட்டியின் கயிற்றை அவிழ்த்து டாமிக்குக் கட்டினேன். எங்கள் பக்கம் நாயைக் கட்டுகிற வழக்கமே கிடையாது. கட்டியிருப்பதைப் பார்த்தால், யாரைக் கடித்தது என்று விசாரிக்க ஆள் வந்துவிடும்.

சென்னைக்குள் நுழைந்ததிலிருந்தே எனக்கு நடுக்கம்தான். எதிரே வருகிற வண்டியெல்லாம் எங்கள் மேலேயே வருகிற மாதிரி இருந்தது. ஒரு பெரிய சாலை ஓரம் அண்ணன் டீக்கு வண்டியை நிறுத்தினார். டாமி இறங்கி நின்றது, ஒன்றுக்குப் போக மாட்டேன் என்கிறது. பிறந்ததிலிருந்து கயிறே காணாத நாய், கட்டியிருக்கும்போது எப்படிப் போகும்? பாவமாக இருந்தது. ஒரு நிமிஷம்தானே என்று அவிழ்த்துவிட்டேன். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அலறியது. திரும்பினால் டாமி இல்லை.

சந்து சந்தாக ஓடினேன். குப்பைத் தொட்டி, இறைச்சிக் கடை, பள்ளிக்கூட வாசல் எல்லாம் பார்த்தாயிற்று. "டாமி" என்று நான் கத்தியதற்கு மாடியிலிருந்து வேறொரு டாமி குரைத்தது. இப்போது சிரிப்பு வருகிறது, அப்போது அழுதேன். மூச்சு வாங்க டீக்கடைக்கே திரும்பி வந்தபோது கடைக்காரர் சொன்னார்: "காலைலருந்து நாய் புடிக்கிற வண்டி சுத்திக்கினு கீதும்மா. கழுத்துல எதுனா கட்டியிருக்கியா? இல்லன்னா தெருநாய்னு புடிச்சிக்கினு பூடுவான்."

கயிறு என் கையில் இருந்தது.

சேகர் அண்ணன்தான் முதலில் பார்த்தார். சாலைக்கு எதிர்ப்பக்கம், பஸ் நிறுத்தத்தில், இறங்குகிற கால்களுக்கு நடுவே டாமி. உடம்பெல்லாம் நடுங்க, ஒவ்வொரு பஸ்ஸின் படிக்கட்டையும் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். அவர் சட்டென்று என் தோளைப் பிடித்தார்.

"கூப்புடாதம்மா. உன் குரல் கேட்டா அப்பிடியே ரோட்ல பாஞ்சிடும்."

எங்களுக்கு நடுவே லாரியும் பஸ்ஸும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. நடந்து போகவும் பயம். அங்கே நடைபாதையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், எல்லோரும் சாலையில்தான் நடந்தார்கள். தூரத்தில் என்னைக் கண்டாலே பஸ்ஸுக்கு முன்னால் ஓடிவரும். அது எனக்காகக் காத்திருப்பது பஸ் படிக்கட்டைப் பார்த்துத்தான், நானும் பஸ்ஸிலிருந்தே இறங்க வேண்டும் என்று அப்போது தோன்றியது. அண்ணனைக் காவலுக்கு விட்டுவிட்டு, சிக்னலில் சாலையைக் கடந்து, முந்தின நிறுத்தத்துக்கு ஓடி பஸ் ஏறினேன்.

ஒரே ஒரு நிறுத்தம். அவ்வளவு நீளமான பயணம் நான் அதற்குப் பிறகும் போனதில்லை. அதற்குள் எழுந்து போயிருந்தால்? அந்த வண்டி வந்திருந்தால்? கூட்டத்தில் வெளியே ஒன்றும் தெரியவில்லை. பஸ் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன்.

பைக்குள் ஈரமாக ஒரு மூக்கு நுழைந்தது.

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். டாமி பொறையைக் கடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கே கட்டியை அறுத்து எடுத்தார்கள். அதன்பிறகும் சில வருஷம் நன்றாக இருந்து, வயதாகித்தான் போனது.

எங்கள் ஊரில் இப்போது அந்த நிறுத்தமும் இல்லை. மேம்பாலம் வந்து, பஸ்ஸெல்லாம் மேலேயே போய்விடுகிறது. என் வேலையும் சென்னைக்கே வந்துவிட்டது, அன்று பயந்த சாலையை இன்று போனில் பேசிக்கொண்டே கடக்கிறேன். ஆனாலும் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, என் கை தானாகப் பையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிக்கிறது. பின்னால் இறங்குகிறவர்கள் நகரச் சொல்கிறார்கள். நகர்ந்துவிடுகிறேன்.