வெட்டாதீர்

புல் வெட்டும் மிஷினைக் கிளப்புமுன் அவர் குனிந்து, பேன் பார்ப்பதுபோல் புல்லை விலக்கிப் பார்ப்பார். பூவெல்லாம் காய்ந்து விதை உதிர்ந்திருந்தால்தான் கயிற்றை இழுப்பார். "செடி பிள்ளைங்கள இறக்கி விடட்டும்ங்க, அப்புறம் வெட்டிக்கலாம்" என்பார்.

நகராட்சியில் புல் வெட்டுபவர். ஊர் வைத்த பெயர் 'மொட்டை'. தலையில் முடிக்குக் குறைவில்லை. பழைய சரக்குக் கிடங்கின் பின்னால் கேட்பாரற்றுக் கிடந்த வெளியை மொட்டையடித்ததால் வந்த பட்டம்.

வெட்டியதை ஒரு துரும்பு விடாமல் வாரி வண்டியில் ஏற்றிவிடுவார். அறிவியல் ஒன்றுமில்லை, சுத்தப் பைத்தியம். மனைவி தையல்காரி. அவள் தைத்துக்கொண்டிருக்கும்போதே காலடி நூலைப் பொறுக்குவார். "நான் எந்திரிச்ச பிறகாவது பொறுக்குங்களேன்!" என்பாள்.

தழை மக்கி உரமாக வழியில்லாததால் முரட்டுப் புல் இளைத்தது. அதனடியில் மூச்சு முட்டிக் கிடந்த சின்னச் செடிகள் தலைதூக்கி, சில வருஷங்களில் மஞ்சளும் ஊதாவுமாகப் பூத்துத் தள்ளின.

ஊருக்குத் தலைகால் புரியவில்லை. உடனே பூப் பாதுகாப்புக் குழு. தலைவி அவர் மனைவியேதான். முதல் தீர்மானம், மிஷின் உள்ளே வரக்கூடாது. 'வெட்டாதீர்' என்று அவள் எழுதிய பலகையைக் குழி தோண்டி நட்டவரும் அவர்தான். தலைவி சொல்லை யார் தட்டுவது?

அடுத்த வருஷம் பூ பாதியாகிவிட்டது. குழு கூடி, யாரோ பறிக்கிறார்கள் என்று கண்டுபிடித்தது. பலகையில் 'பறிக்காதீர்' சேர்ந்தது.

"பறிச்சிருந்தா காம்பாவது நிக்குமே?" என்றார் அவர்.

"வெட்டுறவருக்குப் பூவைப் பத்தி என்ன பேச்சு?" என்று வாயை அடைத்துவிட்டாள். அவர் கணக்கில், இன்னொரு வருஷம் விட்டால் பழையபடி புதர்தான்.

அந்த வருஷமே விதை உதிர்ந்ததும் மிஷினோடு போய்விட்டார். சத்தம் கேட்டு ஓடிவந்தவள், "கிறுக்கா உங்களுக்கு?" என்று கத்தினாள்.

அவர் படிந்து கிடந்த பழைய புல்லை இரு கையாலும் பிரித்தார். அடியில் ஊதாப்பூச் செடி ஒன்று வெளுத்து, வெளிச்சம் தேடி வளைந்து கிடந்தது.

அவள் உட்கார்ந்துவிட்டாள். "இப்படியா நான் காப்பாத்தினேன்?"

அவளைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது. "எனக்கு மட்டும் முன்னாடியே தெரியுமா என்ன?"

"குழுவுல கேப்பாங்களே?"

"பலகைதான் இருக்குல்ல. அது போதும் அவங்களுக்கு."

அவள் எழுந்து பலகையைப் பிடுங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அது நின்ற இடத்தையும் அவர் வெட்டி, வாரிவிட்டு, பலகையை அதே குழியில் திரும்ப நட்டார். 'வெட்டாதீர்' மேல் ஒட்டியிருந்த ஒரு துரும்பைப் பொறுக்கி வண்டியில் போட்டாள் அவள்.