பூட்டிய வீட்டுக்குள் இருந்தவன்

அளவு டேப்போடு எங்கள் லைனுக்குள் யார் நுழைந்தாலும் நான் கதவைச் சாத்திக்கொள்வேன். தங்கச் சுரங்கம் மூடியதிலிருந்து எங்கள் ஊரான ஊரிகத்தில் அளக்க வராத ஆளில்லை. அளந்தவர்கள் எவரும் நல்ல சேதியோடு திரும்பி வந்ததுமில்லை. அப்பா கேஜ் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கி ஷிஃப்ட் பார்த்த காலத்தில் கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடுகளில் ஒன்று இது. இன்றுவரை பத்திரம் எங்கள் பெயரில் இல்லை. அதனால், பெங்களூரில் நகர வடிவமைப்பு மேல்படிப்பு படிக்கும் பிள்ளைகள் ஆராய்ச்சிக்காக வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நான் நம்பவில்லை. ஆராய்ச்சியாம்! இடிக்கப்போகிறவன் இடிக்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டா வருவான்?

அவர்கள் வந்தது ஒரு புதன்கிழமை. பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எனக்கு எலக்ட்ரீஷியன் வேலை. புதன்தான் வார லீவு. லைனில் பாதிப் பேருக்கு மேல் விடியற்காலை ரயிலிலேயே பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுப் பூட்டையும் சாவியையும் கொடுத்தேன்.

"வெளிய பூட்டிடுக்கா. கேட்டா, யாரும் இல்லன்னு சொல்லிடு."

"இன்னாத்துக்குடா இந்தக் கூத்து?" என்று திட்டிக்கொண்டே பூட்டினாள்.

ஜன்னலைச் சாத்தி, ஃபேன் சத்தம் கேட்கக் கூடாதென்று அதையும் நிறுத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மூன்று முறை கதவைத் தட்டினார்கள். ஒரு பெண் குரல் தமிழில் அக்காவிடம் விசாரித்தது. "அங்க யாரும் இல்லம்மா" என்றாள் அக்கா. வியர்வையில் என் சட்டை ஒட்டிக்கொண்டது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரே குஷி. படித்த பிள்ளைகளையே ஏமாற்றிவிட்டேன் என்று அன்று முழுக்க மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

சில வாரம் கழித்து, இன்னொரு புதன்கிழமை, வரைந்ததைச் சர்ச் ஹாலில் எங்களுக்குக் காட்டப்போவதாகச் சொல்லியனுப்பினார்கள். என்னதான் கிழித்திருக்கிறார்கள், பார்ப்போம் என்று போனேன். பென்ஷன்காரர்கள் ஏழெட்டுப் பேர், அக்கா, நான். சுவரில் எங்கள் லைன் தொங்கியது. ஆள் இருக்கும் வீட்டுக்கு மஞ்சள், காலி வீட்டுக்குச் சாம்பல் நிறம். என் வீடு சாம்பல். என் வீடு மட்டுமா? லைனில் பாதிக்கு மேல் சாம்பல். காலி வீடுகளை எடுத்துவிட்டு மரங்கள் வைக்கலாம், நடைபாதை போடலாம் என்று, அன்றைக்கு அக்காவிடம் விசாரித்த அந்தப் பெண் ஆசையாக விளக்கினாள். மறுநாள் காலை நகராட்சிக்கும் ஒரு காப்பி கொடுக்கப்போகிறார்களாம்.

பத்திரம் இல்லாத வீடு. காலி என்று காகிதத்தில் ஏறிவிட்டால் பிறகு யாரிடம் போய் நிற்பது? எழுந்தேன்.

"அது என் வீடும்மா. நான் அங்கதான் கீறேன்."

"மூணு தடவை தட்டினோமே சார். பூட்டியிருந்துச்சே?"

"உள்ள இருந்தேன்."

"பூட்டு வெளியிலதானே தொங்குச்சு?"

அக்கா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். மானம் போனால் போகிறதென்று நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து என் வீட்டுக்கு மஞ்சள் தீட்டினாள். மற்ற வீடுகளிலும் ஆள் இருக்கிறது, வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்றேன். அவள் பென்சிலை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே இருந்துகொண்டே இல்லையென்றவன், இப்போது சொல்வதை மட்டும் எப்படி நம்புவது என்ற பார்வை. நான் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். என்னை ஒருவர் அப்படிப் பார்த்தது அன்றுதான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் காட்டுவதென்றுதான் தெரியவில்லை.

"சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வாங்க. நீங்களே கேட்டு எழுதிக்குங்க" என்றேன்.

வந்தார்கள். ரயிலும் வந்தது. எங்கள் லைன் சனம் டிபன் பையும் தூக்கக் கலக்கமுமாக இறங்கியது. "உங்க வீடு எதுங்க?" என்று அந்தப் பெண் வரைபடத்தை நீட்டிக் கேட்கக் கேட்க, ஆளாளுக்கு நடையை எட்டிப் போட்டார்கள். ஒருவன் அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். கடைசியில் எதிர்வீட்டுத் தங்கச்சியை நானே மறித்தேன். பல வருஷமாக என்னோடு ஒரே பெட்டியில் வருகிறவள்.

"உன் வீட்டக் காட்டும்மா. இல்லன்னா காலின்னு எழுதிடுவாங்க."

அவள் வரைபடத்தைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கையிலிருந்த டேப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, நீயும் இவங்களோட சேந்துகினியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண்ணிடம் திரும்பி, வரைபடத்தில் தன் வீட்டையே தொட்டுக் காட்டி, அன்று என் வீட்டைப் பற்றி அக்கா சொன்ன அதே குரலில் சொன்னாள்:

"அங்க யாரும் இல்லம்மா."