வெள்ளி பூசிய ஜாமீன்தாரர்

சிவகாசியில் தினசரி காலண்டர் அச்சிடும் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. ஆடிப்பெருக்கன்றே அடுத்த ஆண்டின் மாதிரிகள் வெளிவந்துவிட வேண்டும் என்பதால், ஆனி மாதத்திலேயே வரப்போகும் பொங்கலும் தீபாவளியும் என் மேஜையைக் கடந்துவிடும். என் தங்கை கணவர் சிறையில் இருந்த வருடம் மட்டும் இந்த வேலை கனத்தது. விடுமுறை நாளின் ஒவ்வொரு சிவப்புத் தாளையும் திருத்தும்போதும், அன்றைக்கு மாப்பிள்ளை வெளியே வந்திருப்பாரா என்று மனம் கேட்கும்.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு சிறிய பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். வைகாசியில் அங்கே வெடி காய்ந்துகொண்டிருந்த களத்தில் விபத்து நடந்து, ஒரு பெண் இறந்துபோனாள். முதலாளி முன்ஜாமீன் வாங்கிக்கொண்டார். போர்மேன் உள்ளே போனார். கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் தானாகவே ஜாமீன் கிடைத்திருக்கும்; போலீஸ் முன்பே அதைப் போட்டுவிட்டதால் அந்த வழியும் அடைபட்டது. கீழ்க்கோர்ட்டுகளில் மனு தள்ளுபடியானது. தீபாவளியும் போனது. தப்பு யாருடையது என்பதை விசாரணை சொல்லட்டும், அதுவரை மனிதரை வீட்டுக்கு விடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. மதுரையில் ஐகோர்ட் கிளை வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. இல்லையென்றால் இதற்கும் சென்னைக்கு அலைந்திருப்போம். மார்கழிக் கடைசியில் அங்கே ஜாமீன் கிடைத்தது. ஆனால் உத்தரவுத் தாள் சிவகாசிக் கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தது பொங்கலுக்கு முந்தின நாள் காலையில்தான்.

வக்கீல் போன் செய்தார். "ரெண்டு ஜாமீன்தாரரும் மதியத்துக்குள்ள வந்துரணும். ஆறு மணிக்கு மேல விருதுநகர் ஜெயில்ல ஆளை விடமாட்டாக. நாளையில இருந்து கோர்ட்டும் லீவு."

அந்த லீவு எனக்குத் தெரியாதா? பொங்கல் சிவப்புத் தாள்களும் அவற்றோடு ஒட்டிக்கொண்ட சனி ஞாயிறும் நானே திருத்தியவை.

ஒரு ஜாமீன்தாரர் நான். இன்னொருவர் மாப்பிள்ளையின் பழைய கூட்டாளி, வானம் பார்த்த கொஞ்சம் நிலத்துக்குச் சொந்தக்காரர். வேறொரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் வேலை. பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆகவே நானே மொபெட்டில் போனேன்.

வெளியே வந்தவரை எனக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. அலுமினியத் தூள் படிந்து, இமை மயிர் வரை வெள்ளியாக நின்றார்.

"குளிச்சிட்டு வந்துருதேன் அண்ணாச்சி. தொட்டியில தண்ணி இல்ல, லாரி வந்துரும்."

"லாரி வாரதுக்குள்ள பொங்கலே வந்துரும். ஏறுங்க."

சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு அரைமனதாக ஏறினார். வழியெல்லாம் என் தோளைத் தட்டிக்கொண்டே வந்தார். "டீக்கடை வருது, அந்தப் பக்கம் ஒதுங்குங்க. அங்கன ஒருத்தர் பீடி குடிக்காரு, ஒதுங்குங்க." ரோட்டில் நான் ஓட்டிய கோணலைப் பார்த்து ஒரு லாரிக்காரர் திட்டிவிட்டுப் போனார்.

கோர்ட்டில் எங்கள் முறை வந்தது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கூட்டாளியின் ரேஷன் கார்டைப் பார்த்துப் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார் மாஜிஸ்திரேட். அப்போது பக்கத்து மேஜை குமாஸ்தா ஏதோ ஓர் உறைக்கு அரக்கு முத்திரை வைப்பதற்காகத் தீக்குச்சியைக் கிழித்து மெழுகுவர்த்தியை ஏற்றினார்.

அடுத்த கணம் என் பக்கத்தில் ஆள் இல்லை. பெஞ்சைத் தாண்டி, ஒரு வக்கீலின் கவுனை மிதித்து, முற்றத்து வேப்பமரத்தடிக்கு ஓடியிருந்தார்.

"ஜாமீன்தாரர் ஓடிட்டாரு!" என்று யாரோ சொல்ல, அறையே சிரித்தது. வராந்தாவில் நின்ற என் தங்கை மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு ஓடுறார்? மிரட்டிக் கூட்டி வந்தீங்களா?" என்று மாஜிஸ்திரேட் என்னைக் கேட்டார்.

மரத்தடியிலிருந்து பதில் வந்தது. "அய்யா, கோவிச்சுக்கிடாதீக! மேலெல்லாம் மருந்து. அந்தத் தீயை அமத்தச் சொல்லுங்க, எம்புட்டு கையெழுத்து வேணும்னாலும் போடுதேன்!"

மாஜிஸ்திரேட் அவரையும் மெழுகுவர்த்தியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குமாஸ்தாவிடம், "முதல்ல அதை அணைங்க. அவரைக் குழாயடிக்கு அனுப்புங்க. கார்டுல இருக்கிற மூஞ்சியையும் நான் பார்க்கணும்ல" என்றார்.

குழாயடியில் சாம்பல் நிறத்தில் தண்ணீர் ஓடியது. ரேஷன் கார்டு முகம் மெல்ல வெளிப்பட்டது. அவர் கையெழுத்திட்டு ரோட்டைத் தாண்டிப் போய் நின்ற பிறகுதான் குமாஸ்தா மறுபடி மெழுகுவர்த்தியைத் தொட்டார். எங்கள் விடுதலை உத்தரவுக்கும் அதே சிவப்பு அரக்குதான். அந்தச் சிவப்பு மட்டும் அன்றைக்கு எனக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

கோர்ட் ஆள் உத்தரவோடு முன்னால் பஸ்ஸில் போக, நாங்கள் மூவரும் அடுத்த பஸ்ஸில் விருதுநகர் போனோம். ஜெயில் வாசலில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் தங்கை எழுந்து, வேறு யாரோ வர, மறுபடி உட்கார்ந்தாள். ஒரு தரம் அவள் எழவில்லை. அந்தத் தரம்தான் மாப்பிள்ளை வந்தார். இளைத்திருந்தார், வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. கையில் ஒரு மஞ்சள் பை.

"சாப்பிட்டீகளா?" என்றாள் தங்கை. அத்தனை மாதங்களுக்குப் பிறகு அதுதான் வந்தது.

அவர் தலையாட்டினார். திருஷ்டி கழிக்க அவள் வெற்றிலையில் சூடத்தை வைத்துத் தீப்பெட்டியை எடுத்தாள். மாப்பிள்ளையின் கண், பின்னால் நின்ற கூட்டாளியின் காதுமடலில் போய் நின்றது. அங்கே இன்னும் கொஞ்சம் வெள்ளி மின்னியது.

"ஏலே, நீ குளிக்கலயா? தள்ளிப் போலே!"

போர்மேன் குரல், கொஞ்சமும் குறையவில்லை.

"உமக்காகத்தாம்யா குளிக்காம வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் தள்ளிப் போனார். தங்கை அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். தீப்பெட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு, சூடத்தைக் கொளுத்தாமலே மூன்று சுற்றுச் சுற்றிப் போட்டுவிட்டு, "வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றாள்.