அசுந்தாவுக்குப் புரிந்த வசனம்

ஒன்றும் தெரியாதவள் என்பதற்காகவே சம்பளம் வாங்கியவள் எங்கள் ஏரிக்கரையில் அசுந்தா ஒருத்திதான். படித்தவனுக்கே வேலை குதிரைக்கொம்பாக இருந்த காலம் அது. ஊரில் வயிறெரிந்தவர்கள் அநேகம். தங்களுக்கும்தான் ஒன்றும் தெரியாது, தங்களை ஏன் யாரும் கூப்பிடவில்லை என்று சந்தையில் மீன் விற்கிற பெண்கள் வெகுநாள் புலம்பிக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். கிறிஸ்தவ வேதத்தை எங்கள் ஐமாரா மொழிக்குக் கொண்டுவரும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதுவரை கடவுள் எங்களோடு பேசியது ஸ்பானிய மொழியில், அதற்கும் முன்னால் லத்தீனில். போலீஸ்காரரும் நிலம் பதிகிற அதிகாரியும் பேசுகிற மொழியிலேயே அவரும் பேசியதால், நாங்கள் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்துவிடுவோம். மொழிபெயர்த்தவர் சக்காரியாஸ் வாத்தியார், எங்கள் ஊர்க்காரர்தான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட மண்சுவர் அறையில், ஒரு தட்டச்சு இயந்திரத்தோடு பத்து வருடமாகக் குந்தியிருந்தார். எழுதியதை அவர் யாருக்காவது வாசித்துக் காட்டவேண்டும். கேட்டவர் அதைத் தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்லவேண்டும். சொன்னது மாறிப்போனால் மொழிபெயர்ப்பில் கோளாறு என்று அர்த்தம். ஓயாமல் கோயிலுக்குப் போகிறவர்கள் இந்த வேலைக்கு லாயக்கில்லை. காதில் விழாததையும் நினைவிலிருந்து ஒப்பித்துவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத, வேதம் கேட்டிராத, ஆனாலும் மண்டை வேலை செய்கிற ஆள் வேண்டியிருந்தது.

பலரை உட்காரவைத்துப் பார்த்தார். எதை வாசித்தாலும் "நல்லாருக்கு வாத்தியாரே" என்றார்கள். அசுந்தா அப்படிச் சொல்லவில்லை. தொண்ணூற்றொன்பது ஆட்டை விட்டுவிட்டுத் தொலைந்துபோன ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனின் கதையைக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அந்தாளுக்குப் புத்தி கெட்டுப்போச்சு. நரி சுத்துற மேட்டுல மீதி ஆட்டை யாரு பாத்துக்குவா?" என்றாள்.

வாத்தியார் அன்றைக்கே அவளை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

ஆனால் அசுந்தா வேலைக்கு வந்தது சம்பளத்துக்காக இல்லை. அவளுக்கு ஒரே பிள்ளை, எலோய். இருபது வயதில், வலை எடுக்கப்போன இடத்தில், காற்று படகைப் புரட்டிப்போட்டு ஏரியில் போய்விட்டான். ஒன்பதாம் நாள் கோரைக்குள் கிடைத்தான். அன்று காலை காற்று சரியில்லை என்று பையன் தயங்கியிருக்கிறான். பொட்டச்சி மாதிரிப் பயப்படாதே என்று சொல்லி அனுப்பிவைத்தது அவன் அப்பன் காசிமிரோ. அதற்குப் பிறகு காசிமிரோ படகைத் தொடவில்லை. ஏரி இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பி உட்காருவதும் இல்லை.

இறந்தவர்களுக்கு நாங்கள் மூன்று வருடம் மேசை போடுவோம். நவம்பர் முதல் தேதி நடுப்பகலில் ஆன்மா வரும். கறுப்புத் துணி விரித்து, மெழுகுவத்தி ஏற்றி, குழந்தை உருவத்தில் சுட்ட ரொட்டிக் குழந்தைகளையும் ஆன்மா ஏறி இறங்க ரொட்டி ஏணியையும் அடுக்கி, செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துவைப்போம். வழியில் ஆன்மா தண்ணீர் கொண்டுபோய்க் குடிக்க, உள்ளே குழலாக இருக்கிற வெங்காயத் தண்டும் இருக்கும். மறுநாள் கல்லறையில் விருந்து வைத்து அனுப்பிவைப்போம். மூன்றாம் வருடத்தோடு சரி, அதற்குப் பிறகு அவருக்கென்று தனியாக மேசை கிடையாது.

எலோய்க்கு முதல் மேசை போட்ட வருடம், கல்லறையில் ஜெபம் சொல்லி ரொட்டி வாங்குகிற ரெசிரி ஒருவர் வந்தார். மெலித்தோன் என்று பெயர், கண் தெரியாதவர். பாதி லத்தீன், பாதி ஸ்பானிஷ், எல்லாம் ஒரே மூச்சில் ஓடும். அவர் ஓதி முடித்ததும் அசுந்தா அவர் போர்வையைப் பிடித்துக்கொண்டு, என்ன ஓதினீர்கள் என்று கேட்டாள். வேதத்தில் எழுதியிருப்பதைத்தான் ஓதினேன் என்றார் அவர். அந்த நாளில் நடுப்பகலில் ஆன்மாக்களின் வாசல் திறக்கும், செத்தவர்கள் தங்கள் வீட்டுக்கு வந்து தங்கள் சனத்தோடு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுவார்கள், யார் மேலும் கோபமில்லாமல் போவார்கள் என்று எழுதியிருக்கிறதாம்.

யார் மேலும் கோபமில்லாமல். காசிமிரோ அதைக் கேட்டு, அந்தக் கூட்டத்துக்கு நடுவில் முதல்முறையாக வாய்விட்டு அழுதான். அதற்குப் பிறகுதான் சோறு அவனுக்கு உள்ளே இறங்கியது. அந்த ஒரு வசனத்தைத் தன் மொழியில் தன் காதால் கேட்கவேண்டும் என்றுதான் அசுந்தா வாத்தியாரின் அறைக்குப் போனாள். அது எங்கே வருகிறது என்று முதல் நாளே கேட்டாள். அவர் கையமர்த்திவிட்டார். அவள் எதையும் முன்கூட்டித் தெரிந்துகொள்ளக் கூடாது, அதுதான் அந்த வேலையின் சட்டம்.

இரண்டு வருடம் கேட்டாள். ராஜாக்களைக் கேட்டாள், யுத்தங்களைக் கேட்டாள், யாருக்கு யார் மகன் என்ற பட்டியலைக் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டாள். தினமும் பொழுது சாயும்போது காசிமிரோ வாசலில் நின்று "வந்துச்சா?" என்பான். "இன்னும் வரல" என்பாள். அவ்வளவுதான் அவர்கள் பேச்சு. ஆனாலும் அந்த வீட்டில் எதையோ எதிர்பார்த்திருக்கிற ஒரு தெம்பு இருந்தது.

இரண்டாம் வருடம் ஆலங்கட்டி மழை பெய்த ஒரு காலையில் வாத்தியார், பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு மனிதரின் புலம்பலை எடுத்தார். அசுந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இவருக்குத்தான் கடவுள் அந்த வசனத்தைச் சொல்லியிருப்பார் என்று அவள் மனம் அடித்துக்கொண்டது. வாத்தியார் வாசித்தார். மேகம் கலைந்து போவதுபோல, குழிக்குள் இறங்கினவன் ஏறி வருவதில்லை, அவன் தன் வீட்டுக்கு இனித் திரும்புவதில்லை.

"என்ன புரிஞ்சுது அசுந்தாம்மா? சொல்லுங்க."

"புரியல."

அந்த அறையில் அவள் சொன்ன முதல் பொய் அது. வாத்தியார் நல்ல மனிதர். புரியவில்லை என்றால் தன் தமக்கைக்குச் சொல்வதுபோல மாற்றிச் சொல்லிப்பார்ப்பார். கடினமான ஒரு சொல்லை எடுத்துவிட்டு, அடுப்படியில் புழங்குகிற சொல்லைப் போட்டு மறுபடி வாசித்தார். அவள் மறுபடியும் புரியவில்லை என்றாள். வாக்கியத்தை இரண்டாக உடைத்தார். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். மேகத்தை எடுத்துவிட்டு, ஏரியில் காலையில் எழும்பி வெயிலில் இல்லாமல்போகிற பனியைப் போட்டார். அவள் புரியவில்லை என்று சொல்லச் சொல்ல அது தெளிந்துகொண்டே வந்தது. கடைசியில் நடை பழகுகிற குழந்தைக்கும் விளங்குகிற மாதிரி ஆகிவிட்டது. பாவம், அவர் தன் வேலையைத்தான் செய்தார்.

"இப்பச் சொல்லுங்கம்மா. என்ன புரிஞ்சுது?"

"எம்மவன் வீட்டுக்கு வரமாட்டான்" என்றாள் அசுந்தா. "அதானே?"

வாத்தியார் பழக்கதோஷத்தில் தாளின் ஓரத்தில் ஒரு டிக் போட்டார். போட்ட பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். அவசரமாகப் பேனாவை வைத்துவிட்டு, கடைசி நாளில் எல்லாரும் எழுந்திருப்பார்கள் என்று பின்னால் வருகிறது, கவலைப்படாதீர்கள் என்றார்.

"கடைசி நாள்ல வந்து என்ன பண்ண? அவன் நவம்பர்ல வரணும் வாத்தியாரே."

அன்று அவள் முதலில் வீட்டுக்குப் போகவில்லை. நேரே மேட்டுத் தெருவுக்கு, மெலித்தோன் வெயில் காய்கிற சுவரடிக்குப் போனாள். அவர் ஓதுவதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். அப்பன் சொல்லிக்கொடுத்தது, அர்த்தத்தை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை என்றார் அவர்.

"வேதத்துல எழுதியிருக்குன்னு சொன்னீங்களே ஐயா."

"எனக்குக் கண்ணே தெரியாது தாயி. எழுதியிருக்கா இல்லியான்னு நான் எதைக் கண்டேன்?" கிழவர் அவள் குரல் வந்த திக்கில் முகத்தைத் திருப்பினார். "நீ போர்வையப் புடிச்சிட்டு விடமாட்டேன்னுட்ட. உம்புருசன் பக்கத்துல மூச்சுவிடாம நின்னான். என்ன சொன்னா ஒங்களுக்கு ஆறும்னு தோணுச்சோ, அதைச் சொன்னேன்."

அவரைத் திட்டவேண்டும் என்றுதான் போனாள். திட்டு வரவில்லை. பையிலிருந்த கோக்கா இலையில் ஒரு பிடியை அவர் கையில் வைத்துவிட்டு வந்தாள். அன்றைக்கும் காசிமிரோ வாசலில் நின்று கேட்டான். அன்றைக்கும் இன்னும் வரவில்லை என்றுதான் சொன்னாள்.

வேலையை அவள் விட்டுவிடவில்லை. இன்னும் பக்கங்கள் இருந்தன. ஒரு இடத்தில் இல்லை என்று சொன்ன கடவுள் இன்னொரு இடத்தில் உண்டு என்று சொல்லக்கூடாதா என்ன? அக்டோபர் மாதம் ஒரு மத்தியானம் வாத்தியார் கடைசித் தாளை வாசித்துக் கவிழ்த்துவைத்தார். கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பன்னிரண்டு வருட வேலையை முடித்த மனிதர் சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்திருந்தாள். அவர் சந்தோஷமாக இல்லை.

"நடுவுல எதையாவது விட்டுட்டீங்களா?"

"ஒரு எழுத்துகூட விடல அம்மா."

"அந்த ஒண்ணை மட்டும் விட்டிருக்கலாம்" என்றாள்.

அச்சுப் புத்தகம் வர இன்னும் ஒரு வருடம் ஆகுமாம். அதுவரை நினைவுக்கு இருக்கட்டும் என்று கார்பன் நகல்களில் ஒரு கட்டைத் தைத்து அவளிடம் கொடுத்தார். அதை அவாயோ துணியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். காசிமிரோ ரொட்டி சுடுவதற்கு அடுப்பைப் பூசிக்கொண்டிருந்தான், கையெல்லாம் சேறு. எலோய்க்கு அது மூன்றாவது மேசை, கடைசி மேசை. முதுகிலிருந்த கட்டைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"முடிஞ்சிருச்சா? அப்ப வந்திருக்கணுமே."

இரண்டு வருடம் கேட்டதைக் கேட்டபடி சொல்லிப் பழகிய வாய் அவளுக்கு. அதைத் திறந்து, "வந்துச்சு" என்றாள். "கடைசித் தாள்ல இருந்துச்சு."

"கோபமில்லாமன்னு?"

"ஆமா. யாரு மேலயும் கோபமில்லாமன்னு."

காசிமிரோ சேற்றுக் கையோடு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அவள் கிட்டப் போகவில்லை. போயிருந்தால் உண்மை வாயில் வந்துவிடும் என்று பயந்தாள்.

முதல் தேதி நடுப்பகலில் உலர்த்திக் கறுத்த உருளைக்கிழங்கும் பொரித்த சின்ன மீனும் மேசையில் ஆவி பறக்க இருந்தன. ஆன்மா ஈயாக வரும் என்பார்கள், அன்றைக்கு ஈயை விரட்டமாட்டோம். மணி அடிக்கும்போது ஒரு ஈ வந்து மீன் தட்டின் விளிம்பில் உட்கார்ந்தது. "வந்துட்டான் பாரு" என்று காசிமிரோ தொப்பியை எடுத்தான். போன வருடம் இதேபோல ஒரு ஈயைப் பார்த்துத்தான் அவள் மாரில் அடித்துக்கொண்டு கொஞ்சினாள். இந்த வருடம் பார்த்தாள், ஈதான் இருந்தது. விரட்டப்போன கையை மறுகையால் பிடித்துக்கொண்டாள். பிள்ளை ஏரியில் செத்தது ஒரு சாவு என்றால் இது இன்னொன்று. இதற்கு யாரும் துக்கம் விசாரிக்க வரமாட்டார்கள்.

மறுநாள் கல்லறையில் கூட்டம். காசிமிரோ அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். எலோயின் சமாதி முன்னால் ரொட்டிகளைப் பரப்பிவிட்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "வாசி அசுந்தா, நம்ம பேச்சுல இருக்கறதை வாசி" என்றான். அவளுக்கு எழுத்து தெரியாது என்பது வாத்தியாரைத் தவிர யாருக்கும் நினைப்பில்லை. இரண்டு வருடம் அந்த அறைக்குள் இருந்தவள் இதற்குள் படிக்கக் கற்றிருக்கமாட்டாளா என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் கட்டைப் பிரித்தாள். கைக்கு வந்த பக்கத்தின் மேல் கண்ணை வைத்தாள். நடுப்பகலில் வாசல் திறக்கும் என்று ஆரம்பித்தாள்.

நன்றாகச் சொன்னாள். எந்தச் சொல் காதில் இறங்கும், எது தட்டும் என்று அவளுக்குத் தெரியாதா? வாத்தியாரின் நடை அப்படியே வந்தது. பக்கத்துச் சமாதிக்காரர்கள் நெருங்கி வந்தார்கள். தன் கணவனுக்கும் வாசிக்கச் சொல்லி ஒருத்தி கையைப் பிடித்து இழுத்தாள். பிறகு ஒரு கிழவன், பிறகு கைக்குழந்தையைப் புதைத்த ஒரு பெண். மடி நிறைய ரொட்டி சேர்ந்துவிட்டது. தூரத்தில் மெலித்தோன் ஆளில்லாமல் நின்றுகொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் வாசிப்பது தான் அன்று இட்டுக்கட்டிச் சொன்னதுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

கூட்டம் கலைகிற நேரத்தில் சக்காரியாஸ் வாத்தியார் எதிரே வந்து நின்றார். அவள் கையில் விரிந்திருந்த தாளை ஒருமுறை பார்த்தார். அது யாருக்கு யார் மகன் என்ற பட்டியல். எல்லார் எதிரிலும் அவர் சொல்லிவிடுவார் என்று நின்றாள்.

"எங்கம்மா அந்த ஓரத்துல இருக்காங்க" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "அவங்களுக்கும் ஒருதரம் வாசிச்சிருங்க."

போய் வாசித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், என்ன புரிந்தது என்று யாராவது கேட்பார்கள் என்று பழக்கத்தில் காத்து நின்றாள். அவர் கேட்கவில்லை. ஒரு ரொட்டிக் குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

திரும்பும் வழியில் காசிமிரோ அவளுக்கு முன்னால் நடந்தான். மூன்று வருடத்துக்குப் பிறகு ஏரியைப் பார்த்துக்கொண்டே நடந்தான். பையன் வயிறு நிறைந்து போயிருக்கிறான், தனக்குத் தெரிகிறது என்றான். அடுத்த வருடமும் எல்லாரும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்றான். சரி என்றாள். அவள் கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போவாள், கேட்டவர்களுக்கெல்லாம் வாசிப்பாள். அவளுக்கு வாசித்துக் காட்டத்தான் எங்கள் ஊரில் ஆளில்லை.