சாமி மேடை இருந்த உயரத்தில்

ஐந்து வருடமாக இதை எழுதப் பேனாவை எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. எழுத்துப் பிழை வந்துவிடும் என்று பயப்படுகிறேன் என்று மகளிடம் சொல்லிவந்தேன். அது பொய். எங்கள் வீட்டைப் பற்றிக் கோயிலில் ஒரு கதை பேசுகிறார்கள். தொலைக்காட்சி மாட்டுவதற்காகச் சாமியே பூவில் உத்தரவு கொடுத்துத் தன் இடத்தை விட்டுக்கொடுத்தது என்பது அந்தக் கதை. முதலில் அதைப் பெருமையாகச் சொன்னவர் என் வீட்டுக்காரர். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. ஆனாலும் கதையில் ஓர் இடம் தவறு. அந்தத் தவறு நான் செய்தது.

தங்கா பத்து என்கிற ஊரில் எங்களுடையது மாடியில்லாத வரிசை வீடு. ஹாலில் உருப்படியான சுவர் ஒன்றுதான். எதிர்ச் சுவரில் பாதி ஜன்னல், பாதி படுக்கையறைக் கதவு. அந்த ஒரு நல்ல சுவரில், நான் நின்றால் என் நெற்றி உயரத்துக்குச் சாமி மேடை இருந்தது. நடுவில் வள்ளி தெய்வானையோடு முருகன், ஒரு பக்கம் பிள்ளையார், ஒரு பக்கம் மாரியம்மன், இரண்டு சிவப்பு விளக்கு. வீடு வாங்கிய வாரமே, சாமி கிழக்கே பார்க்கவேண்டும் என்று அவர் தன் கையால் அளந்து அடித்த பலகை அது. அதற்குக் கீழே, தரையோடு ஒட்டினாற்போல ஒரு ரேக். அதன்மேல் டிவி. எதுவானாலும் சாமி பாதத்துக்குக் கீழேதான் இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்தது கிடையாது. எல்லாருக்கும் தெரியும்.

அவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். சனிக்கிழமை ஆனால் பந்து விளையாட்டு பார்த்தே ஆகவேண்டும். தமிழ், மலாய், அரைகுறை இங்கிலீஷ் என்று மூன்று பாஷையிலும் நடுவரைத் திட்டுவார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, "உங்க வீட்டுல கோல் விழுந்தா எங்க வீட்டுல கண்ணாடி ஆடுது" என்று சிரிப்பார்.

சீனி வியாதியில் அவருடைய இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். வீட்டுக்கு வந்தபோது, உட்கார்ந்தால் முட்டியை மடக்கக்கூடாது, நீட்டித்தான் வைக்கவேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். ஜொகூரில் வேலை செய்யும் எங்கள் மகள், காலை நீட்டிச் சாய்ந்துகொள்கிற பெரிய நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டாள். சுவருக்கு நேர் எதிரே போட்டோம். அவர் அதில் சாய்ந்தார். டிவியை மட்டும் பார்க்கவில்லை.

"கண்ணு கூசுது. மூடு அத."

படம் சின்னதாக இருக்கிறதோ என்று மகள் பெரிய டிவியாக வாங்கினாள். அதையும் அதே ரேக்கில் வைத்தோம்.

"எல்லாம் ஒரே மாரிதான் காட்டுறான். எனக்கு வேணாம் லா."

சனிக்கிழமை வரும், போகும். அவர் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு குறைந்தது. சாப்பாடு குறைந்தது. கால் போனதோடு மனசும் போய்விட்டதோ என்று நான் முருகனிடம் முறையிடாத நாள் இல்லை.

கட்டு மாற்ற வாரத்தில் இரண்டு தடவை கிளினிக் போகவேண்டும். அந்த வாரம் மகள் விடுப்பில் வந்திருந்ததால் அவளே காரில் கூட்டிப்போனாள். நான் வீடு கூட்டிவிட்டு, பேச்சுச் சத்தத்துக்காக டிவியைப் போட்டேன். இடுப்பு வலித்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் செய்கிற மாதிரியே பின்னால் சாய்ந்து காலை நீட்டினேன்.

செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் தெரியவில்லை. என் இரண்டு பாதம்தான் தெரிந்தது. வலது காலைக் கொஞ்சம் நகர்த்தினால் அவள் காது தெரிந்தது. அவருக்கு அந்த வலது பக்கத்தில் பாதம் இருக்கும். இடது பக்கத்தில் துணி சுற்றிய முட்டிதான் இருக்கும். எந்தப் படத்தைப் போட்டாலும், எவ்வளவு பெரிய டிவியை வாங்கினாலும், வெட்டிய தன் காலைப் பார்த்து, அதைத் தாண்டித்தான் அவர் படம் பார்த்தாகவேண்டும். கண்ணை மேலே தூக்கினால் நேராகச் சாமி. சாமிக்கு எதிரே காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறோம் என்ற கூச்சமும் சேர்ந்திருக்கும். இதை அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண் கூசுகிறது என்று மட்டும்தான் சொன்னார். நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

பிறகு எழுந்து பொட்டு அட்டையை எடுத்து வந்தேன். நாற்காலியில் சாய்வேன். பாதத்துக்கு மேலே, கழுத்து நோகாமல் கண் எங்கே போய் நிற்கிறதோ அந்த இடத்தை மனசில் பிடித்துக்கொள்வேன். எழுந்து போய்ச் சுவரில் ஒரு பொட்டை ஒட்டுவேன். திரும்ப வந்து சாய்ந்து பார்ப்பேன். முதல் பொட்டைக் கால் மறைத்தது. இரண்டாவது பாதி தெரிந்தது. மூன்றாவதுதான் சரியாக வந்தது. அது சாமி மேடைப் பலகையின் நடுவிலேயே போய் உட்கார்ந்தது.

அவர் வருவதற்குள் பொட்டுகளைப் பிய்த்துவிட்டுப் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டேன். அடுத்த தடவை அவர் கிளினிக் போன நாளில் அவற்றைத் திரும்ப ஒட்டி, மஸ்ஜித் தானா டவுனில் கரண்டு வேலை செய்யும் சீனரை வரச்சொன்னேன். ஜாசின் பக்கம் ஓர் எஸ்டேட் மளிகைக் கடையில் வளர்ந்தவர். நம்மைப் போலவே தமிழ் பேசுவார். வந்தவர் சுவரைப் பார்த்துவிட்டு, "என்ன அக்கா, செவுத்துக்குப் பொட்டு வெச்சிருக்கீங்க, எப்ப கல்யாணம்?" என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை விட்டுவிட்டு, அவரும் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிப் பார்த்தார்.

"ஒக்காந்து பாக்குறவங்களுக்கு கண்ணு நேருக்கு மாட்டணும். நெறைய பேரு கோப்பிக் கடையில மாரி உச்சியில மாட்டச் சொல்லுவாங்க, அப்புறம் கழுத்து வலின்னு என்னயத் திட்டுவாங்க. அண்ணனுக்கு அப்படி இல்ல. படுத்த மாரிதானே இருக்காரு? மேலதான் போகணும், டிவிய முன்னால சாய்ச்சு விடணும். உங்க பொட்டு கரெக்ட் லா." மேடையைக் கையால் காட்டினார். "ஆனா அங்க உங்க பாஸ் இருக்காரே."

"மேடைய இன்னும் மேல ஏத்த முடியாதா?"

"ஏத்தலாம். நீங்க தெனமும் ஏணி வெச்சி வெளக்கு ஏத்துவீங்களா?" அவர் தன் அளவு டேப்பைச் சுருட்டினார். "தமிழ் வீட்டுல எனக்கு எப்பவும் ரெண்டு அளவு. ஒண்ணு கண்ணு, ஒண்ணு சாமி. வீட்டுல பேசிட்டுக் கூப்புடுங்க."

அன்று சாயந்திரம் மெதுவாக ஆரம்பித்தேன். "என்னங்க, சாமிய அந்தச் சின்ன ரூமுக்கு மாத்திட்டா என்ன? அங்கயும் கெழக்கதான் பாக்கும்."

"எதுக்கு?"

"டிவிய மேல மாட்டத்தான்."

"புத்தி கித்தி கெட்டுப்போச்சா ஒனக்கு? டிவிக்காக சாமிய எறக்குவியா? ஒரு காலு போனது பத்தலயா?"

உண்மைக் காரணத்தை நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அவ்வளவு பாடுபட்டு மறைத்ததை எனக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்வது? அவரே இறங்கி வந்தார்.

"பூக்கட்டிப் பாரு. சாமி சரின்னா சரி. அப்புறம் நான் வாயத் தொறக்கல."

எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் எதுவானாலும் இப்படித்தான் கேட்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெளியே தெரியாமல் இலையில் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் போட்டு, கும்பிட்டு, ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.

வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு, அவர் பார்க்கும்படியாகவே வாசலில் நந்தியாவட்டையும் ஒரு சிவப்புச் செம்பருத்தியும் பறித்தேன். சமையல்கட்டில் வாழை இலையைக் கிழித்தேன். முதல் துண்டில் நந்தியாவட்டை வைத்து மடித்தேன். இரண்டாவது துண்டில் செம்பருத்தியை வைத்தேன். எடுத்தேன். மறுபடியும் வைத்தேன். கடைசியில் அதிலும் நந்தியாவட்டையை வைத்து மடித்துவிட்டேன்.

பொட்டலத்தை எடுத்தது அவர்தான். சக்கர நாற்காலியிலிருந்து கையை நீட்டி, கண்ணை மூடி, நெடுநேரம் கும்பிட்டு எடுத்தார். பிரித்தார். வெள்ளையைப் பார்த்ததும் அவருடைய உதடு துடித்தது. "எனக்காகவா முருகா? எனக்காகவா?" என்றார். இன்னொரு பொட்டலத்தை நான் முந்தானையில் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். செம்பருத்தியைக் குப்பையில் போட மனசு வரவில்லை. சாமியைச் சின்ன அறைக்கு மாற்றியதும் அதை முருகன் காலடியில் வைத்தேன். அன்றைக்கு முருகன் என் கையைத் தட்டிவிடவில்லை. அதை அனுமதி என்று நான் சொல்லிக்கொள்ளமாட்டேன்.

மூன்றாவது பொட்டு இருந்த உயரத்தில் டிவி ஏறியது. கீழே பார்த்தாற்போலக் கொஞ்சம் சாய்த்துவிட்டார் சீனர். அந்தச் சனிக்கிழமை நான் சமையல்கட்டில் இருந்தபோது ஹாலிலிருந்து ஒரு சத்தம்: "டேய்! கண்ணு இருக்கா இல்லையாடா ஒனக்கு? அது பெனால்ட்டிடா!" நான் சாம்பாருக்கு இரண்டாம் தடவை உப்புப் போட்டுவிட்டேன். அவர் அதை ஒன்றும் சொல்லாமல் இரண்டு தட்டுச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவர் கதையைச் சொல்லாத ஆள் இல்லை. குருக்களிடம் சொன்னார், கிளினிக் தாதியிடம் மலாயில் சொன்னார். கேட்டவர்கள் இன்னும் கொஞ்சம் சேர்த்தார்கள். பொட்டலம் தானாக அவர் கைப்பக்கம் நகர்ந்ததாக என்னிடமே வந்து சொன்னாள் ஒருத்தி. நான் தலையை ஆட்டினேன். அவர் முகத்தைப் பார்த்தால் வேறு என்ன செய்யமுடியும்?

போன வருடம் கோயில் அன்னதானத்துக்குக் காய் வெட்டிக்கொண்டிருந்தபோது, மஸ்ஜித் தானாவிலிருந்து வரும் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கணவருக்கும் சீனி. கால் விரல் கறுத்துவிட்டது, உடனே எடுக்கவேண்டும் என்கிறார் டாக்டர், அவர் மாட்டேன் என்கிறார்.

"அக்கா, நீங்கதான் எங்க வீட்டுக்கு வந்து பூக்கட்டணும். வெள்ளை வந்தா ஆப்பரேசன், செவப்பு வந்தா வேணாம். அப்படின்னா ஒத்துக்கிறேன்னு சொல்றாரு. அண்ணன் சொன்ன கதயக் கேட்டுத்தான் இவ்ளோ தூரம் எறங்கி வந்தாரு."

என் கையில் கத்தி நின்றுவிட்டது. சிவப்பு வந்தால் அந்த மனிதரின் காலே போகும், உயிரும் போகலாம். அது என்னுடைய கதையால் போகும். அவள் காதருகே குனிந்து சொன்னேன்: "எங்க வீட்டுல ரெண்டு பொட்டலமும் வெள்ளைம்மா. நான்தான் அப்படிக் கட்டினேன்."

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப எங்க வீட்டுக்கும் ரெண்டும் வெள்ளையாவே கட்டிருங்கக்கா!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கட்டியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் ஆப்பரேஷனில் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பழி சாமிமேல் அல்லவா விழும்? ஒரு தடவை செய்ததற்கே எனக்குத் தூக்கம் கெட்டுப்போயிருந்தது. "மாட்டேம்மா. வேற வழி பாக்குறேன்" என்றேன். எனக்குத் தெரிந்த வேறு வழி என் வீட்டுக்காரர் ஒருவர்தான்.

வீட்டுக்கு வந்து டிவியை மூடினேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்தார். "ரெண்டுமா?" என்றார்.

"ரெண்டும்தாங்க."

"ஏன்?"

அப்போதுதான் அவர் நாற்காலியில் நான் சாய்ந்து பார்த்ததையும், சுவரில் பொட்டு ஒட்டியதையும் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்பயே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"வண்டியத் தள்ளு."

சக்கர நாற்காலியில் ஏற்றிச் சாமி அறைக்குத் தள்ளினேன். என்னை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன். பாதி அழுகையாக ஏதோ பேசுவது கேட்டது. கதவைத் திறந்தபோது நெற்றி நிறையத் திருநீறு. "நான் மன்னிப்புக் கேட்டுட்டேன். நீ தனியா கேக்கணும்னா கேட்டுக்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்தாளு வீடு எங்க இருக்கு?" என்றார்.

மறுநாளே மஸ்ஜித் தானா போனோம். அந்த மனிதர் எதிரே என் வீட்டுக்காரர் தன் கைலியை முட்டிவரை ஏற்றினார். வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் காட்டாத வெட்டுக்கால் அது.

"தம்பி, பூவும் வேணாம், ஒண்ணும் வேணாம். இதப் பாரு. எனக்கும் மொதல்ல வெரலுதான் கறுத்துச்சு. நானும் ஒன்ன மாரிதான் மாட்டேன்னேன்."

அந்த வாரமே அந்த மனிதருக்கு இரண்டு விரல்களை எடுத்தார்கள். கால் தங்கியது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் தானே நடந்து கோயிலுக்கு வருகிறார்.

அதற்குப் பிறகும் எழுத எனக்கு ஒரு வருடம் ஆனது. எழுதச் சொன்னது அவர்தான். "நான் சொன்னவங்க வீட்டுக்கெல்லாம் போயி மாத்திச் சொல்ல எனக்கு ஒரு காலு பத்தாது. நீ எழுதிப் போட்ரு."

எழுதிவிட்டேன். எங்கள் வீட்டுக் கதையை ஏற்கெனவே கேட்டவர்கள், யாரிடமாவது சொன்னவர்கள், இனி இதைத்தான் சொல்லவேண்டும். எனக்கு வெட்கமாக இருக்குமே என்று எதையும் குறைக்கவேண்டாம். சாமிக்கு மகிமையாக இருக்கட்டும் என்று எதையும் கூட்டவும் வேண்டாம். முருகன் மகிமைக்கு என் பொய் தேவையில்லை. பொட்டலம் நகரவில்லை. இரண்டும் வெள்ளை, கட்டியது நான். கால் கறுத்திருக்கிற யாராவது பூவுக்காகக் காத்திருந்தால், அவரிடம் இதை ஓர் எழுத்து மாறாமல் படித்துக் காட்டுங்கள்.